ஒரே வீடு, ஒரே ஈஸ்ட்: அக்காவுக்கு மட்டும் ஏன் திரும்பத் திரும்ப?

கேள்வி இதுதான். டெல்லி மயூர் விஹாரில் அக்கா, தங்கை, அம்மா மூவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அக்காவுக்கு ஆண்டுக்கு நான்கைந்து முறை ஈஸ்ட் தொற்று வருகிறது. அரிப்பு, எரிச்சல், திரிந்த பால் மாதிரி வெள்ளைப்படுதல். வாயிலோ நகத்திலோ வந்ததில்லை, சிறுவயதிலும் வந்ததில்லை. கடையில் ஃப்ளூக்கோனசோல் 150 என்ற பூஞ்சைக்கான மாத்திரையை வாங்கிப் போட்டால் மூன்று நான்கு நாளில் அடங்கிவிடுகிறது, இரண்டு மாதத்தில் திரும்பி வருகிறது. தங்கைக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. சமீபத்தில் மாத்திரை மாற்றிய பிறகு அவருக்கும் வந்துவிட்டது. தங்கை கேட்கிறார்: "அக்காவைப் பிடித்திருப்பது வீரியமான கிருமியா, இல்லை எங்கள் பரம்பரையிலேயே ஏதாவது குறையா? டெல்லி ஆஸ்பத்திரிகளில் மருந்துக்கு அடங்காத ஈஸ்ட் ஒன்று இருக்கிறதாமே, இது அதுதானா?"

நான் டெல்லியில் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில், பூஞ்சைப் பிரிவில், பல வருடமாக வேலை செய்பவள். முதலில் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். யாருக்குத் தொற்று வரும் என்பதைப் பெரும்பாலும் உடம்பு முடிவு செய்கிறது. வந்தது மருந்துக்கு அடங்குமா என்பதைப் பெரும்பாலும் பூஞ்சையின் ஜீன் முடிவு செய்கிறது. அக்காவின் தொல்லை முதல் வகை. செய்தியில் படித்த டெல்லி ஈஸ்ட் இரண்டாம் வகை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டதால்தான் உங்களுக்கு இவ்வளவு பயம். இனி விவரமாகப் பார்ப்போம்.

அக்காவிடம் இருப்பது அநேகமாக கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற ஈஸ்ட். ஈஸ்ட் என்பதும் ஒரு வகைப் பூஞ்சைதான். அது வெளியிலிருந்து வந்து தொற்றிக்கொண்டது இல்லை. மனிதர்களில் பெரும்பகுதியினரின் வாயிலும் குடலிலும் அது குடியிருக்கிறது. எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களில்கூட ஐந்தில் ஒருவரிடம் யோனியில் இருக்கும். உங்களிடமும் இருக்கலாம். பிறந்த குழந்தையின் நாக்கில் மாவு அப்பியது போல வெள்ளையாகப் படிகிறதே, அதுவும் இதே ஈஸ்ட்தான். ஆக, "கிருமி எங்கிருந்து வந்தது" என்று தேடுவதில் பயன் இல்லை. நேற்றுவரை சும்மா இருந்தது இன்றைக்கு ஏன் வேறு மாதிரி நடந்துகொள்கிறது என்றுதான் கேட்க வேண்டும்.

டெல்லியில் இருக்கும் தமிழ் வீடுகளுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஜனவரியில் இட்லி மாவு அரைத்து வைத்துப் பார்த்திருப்பீர்கள். அதே அரிசி, அதே உளுந்து, அதே உப்பு, ஆனால் மாவு கல்லாக உட்கார்ந்திருக்கும். பாத்திரத்தை ரஜாயில் சுற்றி வைத்தாலோ, விளக்கு எரியும் ஓவனுக்குள் வைத்தாலோ பொங்கிவிடும். கிருமி அதேதான், சூடுதான் வேறு. கேண்டிடாவும் இப்படித்தான் சுற்றுப்புறத்தைப் பார்த்து நடக்கிறது. சுமார் 30 டிகிரியில் அது உருண்டை உருண்டையாக மொட்டுவிட்டுப் பெருகும். 37 டிகிரி சூடும், ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரான சீரமும் கிடைத்தால் நீண்ட நூலிழையாக முளைக்க ஆரம்பிக்கும். எங்கள் ஆய்வகத்தில் அல்பிகன்ஸை அடையாளம் காண இன்றைக்கும் இந்தப் பழைய வித்தையைச் செய்வதுண்டு. ஒரு துளி ஈஸ்டை மனித சீரத்தில் கலந்து 37 டிகிரியில் இரண்டு, மூன்று மணி நேரம் வைப்போம். அப்புறம் நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வோர் உருண்டையிலும் முளைகட்டிய பயறு மாதிரி ஒரு வால் நீட்டிக்கொண்டிருக்கும். புதிதாக வரும் மாணவர்கள் இதைப் பார்த்து வியக்காமல் போனதில்லை.

இந்த உருமாற்றம்தான் கதையின் மையம். உருண்டை வடிவம் பெரும்பாலும் குடித்தனம் பண்ணும் வடிவம். நூலிழை, திசுவுக்குள் நுழையும் வடிவம். உருண்டை நூலாவதற்கு உள்ளே பல ஜீன்கள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். அவற்றைக் கட்டுப்படுத்துவதில் முக்கியமானவை இஎஃப்ஜி1, சிபிஎச்1 என்ற இரண்டு. 1997-ல் அமெரிக்காவில் ஜெரால்ட் ஃபிங்க்கின் குழு இந்த இரண்டையும் ஒருசேர நீக்கிய ஈஸ்டை எலிகளுக்குள் செலுத்திப் பார்த்தது. வழக்கமாகக் கொல்லும் கேண்டிடா, நூலிழை விட முடியாமல் போனதும், எலிகளை ஒன்றும் செய்யவில்லை. ஒரு கிருமி கெடுதல் செய்வதற்கு அதன் எந்தத் திறமை தேவை என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய சோதனைகள் குறைவு.

நூலிழை முளைக்கும்போது கூடவே வேறு சில ஜீன்களும் விழித்துக்கொள்கின்றன. எச்டபிள்யூபி1 என்ற ஜீன் உண்டாக்கும் புரதம் செய்யும் வேலை எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். நம் வாயின் மேல்தோல் செல்களில் புரதங்களை ஒன்றோடொன்று இறுக்கிக் கட்டும் ஒரு நொதி இருக்கிறது. பூஞ்சையின் இந்தப் புரதத்தையும் அது நம்முடையது என்று நினைத்துக்கொண்டு, ஈஸ்டை நம் செல்லோடு சேர்த்துப் பூசிவிடுகிறது. வீட்டுக்காரர் சம்பளம் கொடுக்கும் கொத்தனாரை வைத்தே திருடன் தன் அறையைக் கட்டிக்கொண்ட கதை. ஏஎல்எஸ்3 என்ற இன்னொரு ஜீனின் புரதம், செல்களைப் பக்கத்துச் செல்லோடு பிணைக்கும் ஈ-கேட்ஹெரின் என்ற மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும். அதைப் பிடித்ததும் நம் செல் தானாகவே பூஞ்சையை உள்ளே விழுங்கிவிடுகிறது.

ஆனால் ஒட்டுவதும் நுழைவதும் மட்டும் எரிச்சலைத் தராது. எரிச்சலைத் தருவது எது என்பது 2016 வரை யாருக்கும் பிடிபடவில்லை. இசிஇ1 என்ற ஜீனை 1990-களிலிருந்தே அறிவார்கள். நூலிழை வளரும்போது அது பலமாக வேலை செய்கிறது என்பதும் தெரியும். எதற்காக என்பதுதான் தெரியாது. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஜூலியன் நாக்லிக், ஜெர்மனியின் யேனா நகரில் பெர்ன்ஹார்ட் ஹூபே ஆகியோரின் குழுக்கள் அதைக் கண்டுபிடித்தன. அந்த ஜீன் தரும் நீண்ட புரதத்தைப் பூஞ்சையே துண்டு துண்டாக வெட்டுகிறது. அதில் 31 அமினோ அமிலம் கொண்ட ஒரு துண்டு நச்சு. நம் செல்லைச் சுற்றியுள்ள சவ்வில் துளை போடுகிறது. கேண்டிடலைசின் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்த ஒரு ஜீனை நீக்கிய பூஞ்சை நூலிழை விடுகிறது, செல்லுக்குள்ளும் நுழைகிறது, ஆனால் சேதம் இல்லை. பாக்டீரியாவில் இப்படித் துளை போடும் புரத நச்சுகள் முன்பே தெரிந்தவை. மனிதர்களைத் தாக்கும் பூஞ்சையில் அப்படி ஒன்று கிடைத்தது அதுதான் முதல் தடவை.

நம் செல்களும் கண்ணை மூடிக்கொண்டு இருப்பதில்லை. கொஞ்சம் உருண்டை ஈஸ்ட் பக்கத்தில் கிடந்தால் அவை பெரிதாகக் கண்டுகொள்ளாது. நூலிழைகள் பெருகி, நச்சின் அளவு ஒரு எல்லையைத் தாண்டினால்தான் அபாயச் சங்கு ஊதி வெள்ளையணுக்களைக் கூப்பிடும். நியாயமான ஏற்பாடுதான். கூடக் குடியிருக்கும் ஒவ்வோர் ஈஸ்டையும் பார்த்துச் சங்கு ஊதினால் நம் வாயும் குடலும் வாழ்நாள் முழுக்க வீங்கியே கிடக்கும்.

சரி, இவ்வளவு ஆபத்தான ஜீன்களைப் பூஞ்சை ஏன் பத்திரமாக வைத்திருக்கிறது? 2018-ல் வந்த ஓர் ஆய்வு இதற்கு எதிர்பாராத பதில் தந்தது. ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாவை அழித்த எலிகளில் அல்பிகன்ஸை வாரக்கணக்கில் வளரவிட்டார்கள். போட்டிக்கு ஆள் இல்லாத அந்தக் குடலில் ஈஸ்ட் நூலிழை விடும் திறமையையே தொலைத்தது. முன்னே சொன்ன இஎஃப்ஜி1 போன்ற ஜீன்களில் பிறழ்வு வந்துவிட்டது. பாக்டீரியா இருந்த குடலில் அப்படி நடக்கவில்லை. அதாவது, நூலிழை என்ற ஆயுதம் நம்மை அடிப்பதற்காக மட்டும் உண்டானது இல்லை, குடலில் பாக்டீரியாக் கூட்டத்தோடு இடத்துக்குச் சண்டை போடவும் அது வேண்டியிருக்கிறது. நமக்குப் படும் அடி, பக்கத்து வீட்டுச் சண்டையில் நம் தலையில் விழுந்த கல் மாதிரி.

இனி உடம்பின் பக்கம். அக்காவைப் பற்றிய கேள்விக்கு விடை இங்கேதான் அதிகம் கிடக்கிறது.

வாய், ரத்தம், யோனி மூன்றிலும் உடம்பு ஒரே மாதிரி காவல் காப்பதில்லை. ரத்தத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு முக்கியம். கீமோதெரபியில் அது குறைந்துபோன நோயாளிகளுக்குத்தான் கேண்டிடா ரத்தத்தில் பரவும் அபாயம் அதிகம். வாயில் காவல் டி செல்கள் என்ற வேறு வகை வெள்ளையணுக்களின் கையில். எச்ஐவி-யில் சிடி4 என்ற வகை டி செல்களின் எண்ணிக்கை 200-க்குக் கீழே இறங்கும்போது வாயில் வெள்ளையாகப் படிவது அதனால்தான். யோனியில் நிலைமை தலைகீழ். எச்ஐவி உள்ள பெண்களுக்குக்கூட வாயில் வருகிற அளவுக்கு யோனித் தொற்று தாறுமாறாகப் பெருகுவதில்லை. 2004-ல் அமெரிக்க ஆய்வாளர் பால் ஃபிடெல் குழு வெளியிட்ட ஆய்வில், முன்வந்த ஆரோக்கியமான பெண்களின் யோனியில் உயிருள்ள கேண்டிடாவை வைத்துப் பார்த்தார்கள். சிலருக்கு மட்டும் அரிப்பு, எரிச்சல் வந்தது. அவர்களிடமெல்லாம் நியூட்ரோஃபில் படையெடுத்து வந்திருந்தது. தொந்தரவு இல்லாதவர்களில் ஈஸ்ட் குடியேறியவர்களும் இருந்தார்கள், ஆனால் அங்கே படை வரவில்லை. வந்த படையோ ஈஸ்டை ஒழுங்காகக் கொல்வதும் இல்லை. ரத்தத்தில் உயிர் காக்கும் அதே அணு, இங்கே வீக்கத்தையும் எரிச்சலையும் மட்டும் கொடுத்துவிட்டு நிற்கிறது.

அதனால் "அக்காவுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திரும்பத் திரும்ப யோனியில் ஈஸ்ட் தொற்று வரும் பெண்களில் பெரும்பாலோர் மற்றபடி ஆரோக்கியமானவர்கள். நீங்கள் சும்மா விட்டுவிடும் அதே ஈஸ்டைக் கண்டு அக்காவின் உடம்பு சண்டைக்குக் கிளம்புகிறது என்று சொன்னால் உண்மைக்கு இன்னும் கிட்டே வரும்.

ஈஸ்ட்ரோஜனையும் சொல்ல வேண்டும். பூப்படையாத சிறுமிகளுக்கும், மாதவிடாய் நின்று ஹார்மோன் மருந்து எடுக்காதவர்களுக்கும் இந்தத் தொற்று அரிது, கர்ப்பத்தில் அதிகம். ஈஸ்ட்ரோஜன் யோனிச் சுவரில் கிளைக்கோஜனைச் சேர்க்கிறது, அது ஈஸ்டுக்குத் தீனி என்று நெடுநாளாகச் சொல்லிவந்தார்கள். 2022-ல் இன்னொன்றும் தெரிந்தது. ஈஸ்ட்ரோஜன் பட்ட அல்பிகன்ஸ், ஜிபிடி2 என்ற தன் புரதத்தின் உதவியால், நம் ரத்தத்திலிருக்கும் ஃபேக்டர் எச் என்ற பொருளைத் தன் மேல் இழுத்துப் போர்த்திக்கொள்கிறது. ஃபேக்டர் எச் போர்த்தியது எதுவானாலும் நம் உடம்பு அதைத் 'நம்ம ஆள்' என்று விட்டுவிடும். நம் ஹார்மோனைப் பார்த்துப் பூஞ்சையின் ஜீன் வேஷம் கட்டுகிறது. ஜீனா உடம்பா என்று பிரித்துக் கேட்க முடியாத இடம் இது.

பரம்பரைக்கு வருவோம். பூஞ்சையின் சுவரில் பீட்டா குளூக்கன் என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. அதைத் தொட்டுப் பார்த்து 'இது பூஞ்சை' என்று அறிய நம் வெள்ளையணுவில் டெக்டின்-1 என்ற உணரி இருக்கிறது. 2009-ல் நெதர்லாந்தில் ஒரு குடும்பத்தின் பெண்களுக்கு யோனியிலும் நகத்திலும் திரும்பத் திரும்பப் பூஞ்சைத் தொற்று வருவதை ஆராய்ந்தபோது, டெக்டின்-1 ஜீனில் ஒரே ஓர் எழுத்து மாறி, புரதம் முடியும் முன்பே அறுந்து நிற்பது தெரிந்தது. ஆக, அக்கா தங்கைக்குள் வேற்றுமை வர ஜீன் காரணமாக இருக்கலாம். ஒரே பெற்றோருக்குப் பிறந்தாலும் எல்லா ஜீனும் ஒரே மாதிரி வந்து சேர்வதில்லை. ஆனால் இதே மாற்றம் ஐரோப்பாவில் எந்தத் தொந்தரவும் இல்லாத பலரிடமும் இருக்கிறது. அது தனியாக நோயை உண்டாக்கும் ஜீன் இல்லை, தராசை ஒரு பக்கம் கொஞ்சம் சாய்க்கும், அவ்வளவே.

உண்மையில் பயப்பட வேண்டிய பரம்பரைக் குறைகள் வேறு. அவை இவ்வளவு சாதுவாக வருவதில்லை. டெக்டின்-1 தரும் சேதியை உள்ளே கடத்தும் கார்ட்9 என்ற புரதம் அப்படி ஒன்று. அதே 2009-ல், ஈரானில் உறவுக்குள் மணம் செய்துவந்த ஒரு பெரிய குடும்பத்தில் கார்ட்9 ஜீனின் இரண்டு பிரதியும் பழுதானவர்களைக் கண்டார்கள். சில பிள்ளைகள் விடலை வயதிலேயே இறந்திருந்தார்கள். கேண்டிடா மூளைவரை போயிருந்தது. இந்த இடத்தில் நம் வீடுகளைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டுவது நம்மிடம் தலைமுறை தலைமுறையாக உண்டு. இரண்டு பக்கமும் ஒரே தாத்தாவின் பழுதான பிரதி வந்து சேரும் வாய்ப்பு அங்கே கூடுகிறது. அப்படி ஒரு குடும்பத்தில் குழந்தைக்கு வாயிலும் நகத்திலும் தோலிலும் பூஞ்சை விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தால், களிம்பு மாற்றிக்கொண்டே இருக்காமல் நோயெதிர்ப்புக் குறைபாடு பார்க்கும் டாக்டரிடம் காட்ட வேண்டும். இன்டர்லூக்கின்-17 என்ற சேதி மூலக்கூறின் பாதை எங்கே அறுந்தாலும் இப்படி ஆகும். ஸ்டாட்1 என்ற ஜீன் அளவுக்கு மீறி வேலை செய்தாலும் அந்தப் பாதை படுத்துவிடும். சோரியாசிஸ் என்ற தோல்நோய்க்கு இன்டர்லூக்கின்-17-ஐத் தடுக்கும் ஊசி போடுகிறவர்களில் சிலருக்கு வாயில் ஈஸ்ட் வருவது இதற்கு நேரடிச் சான்று.

உங்கள் அக்காவுக்கு வாயில் இல்லை, நகத்தில் இல்லை, சிறுவயதில் வந்ததில்லை. எனவே இந்த வகையறாவை மறந்துவிடலாம். ஜீன் பரிசோதனை என்று யாராவது பெரிய பில் நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அப்படியானால் "வீரியமான கிருமி" என்ற சந்தேகம்? இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் பெண்களிடம் ஒவ்வொரு முறையும் ஈஸ்டை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தால், பெரும்பாலும் அதே வம்சத்து ஈஸ்டேதான் மறுபடி மறுபடி இருக்கிறது. ஒவ்வொரு மாத்திரைக்கும் அது அடங்கவும் செய்கிறது. 2004-ல் அமெரிக்க டாக்டர் ஜாக் சோபெல் குழு வெளியிட்ட ஆய்வில் இப்படிப்பட்ட பெண்களுக்கு வாரம் ஒரு ஃப்ளூக்கோனசோல் 150 என்று ஆறு மாதம் கொடுத்தார்கள். ஆறு மாத முடிவில் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் தொற்று இல்லாமல் இருந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 36 பேர்தான். மருந்தை நிறுத்திவிட்டு இன்னும் ஆறு மாதம் பார்த்தபோது 90 என்பது 43-க்கு இறங்கிவிட்டது. பூஞ்சை மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொண்டதால் இறங்கவில்லை. இடமும் ஈஸ்டும் அப்படியே இருக்க, காவல் மட்டும் விலகியதால் இறங்கியது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கடையில் ஒற்றை மாத்திரை வாங்கும் அக்காவுக்கும் நடப்பது இதுவேதான்.

வீட்டுப் பெரியவர்கள் 'உடம்பு சூடு' என்பார்கள், இளநீரும் வெந்தயமும் தருவார்கள். குடிக்கட்டும், நல்லதுதான், இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தயிரைத் தடவச் சொல்லும் யோசனையும் சுற்றுகிறது. தயிரில் இருக்கும் பாக்டீரியா வேறு, யோனியில் குடியிருக்கும் லாக்டோபேசில்லஸ் வேறு. தவிர, ஈஸ்ட் தொற்றில் யோனியின் அமிலத்தன்மை பெரும்பாலும் மாறுவதே இல்லை. மாறியிருந்தால் அது வேறு நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். அதைவிடக் கெட்டது மருந்துக்கடையில் 'கிட்' என்று தரும் கூட்டு மாத்திரை. ஃப்ளூக்கோனசோலோடு இரண்டு ஆன்டிபயாடிக்கும் அதில் இருக்கும். ஈஸ்டுக்காக விழுங்கும் பொட்டலத்திலேயே ஈஸ்டுக்கு இடம் காலி செய்து தரும் மருந்தும் சேர்ந்து போகிறது.

அம்மாவின் விஷயம் கொஞ்சம் எளிது. 'மாத்திரை மாற்றிய பிறகு' என்று எழுதியிருக்கிறீர்கள். சீட்டில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று '-கிளிஃப்ளோசின்' முடிவு இருக்கிறதா பாருங்கள். 2020-ல் டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை இங்கே முடிந்து விலை இறங்கியதும் நிறையப் பேருக்கு அதை எழுதுகிறார்கள். நல்ல மருந்து, இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் உதவுகிறது. ஆனால் அது வேலை செய்யும் விதமே சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதுதான். ஒரு நாளைக்குச் சுமார் 70 கிராம் என்றால் பதினைந்து ஸ்பூன் சர்க்கரை. ஈஸ்டுக்குக் காலை, மாலை பாயசம் வைத்த மாதிரி. இதில் அம்மாவின் ஜீனுக்கோ ஈஸ்டின் ஜீனுக்கோ ஒரு பங்கும் இல்லை. தானாக மருந்தை நிறுத்த வேண்டாம். தொற்று வந்ததைச் சர்க்கரை டாக்டரிடம் சொன்னாலே போதும், அவர்களுக்கு இது பழகிய பக்கவிளைவு. சிறுநீர் போனபின் கழுவி உலர வைப்பதும் உதவலாம்.

இப்போது டெல்லி ஈஸ்ட். அதன் பெயர் கேண்டிடா ஆரிஸ். 2009-ல் டோக்கியோவில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்து விவரித்ததால் லத்தீனில் 'காது' என்று பெயர் வைத்தார்கள். பெயரில்தான் காது, ஆள் பிடிப்பது ஐசியூவில். டெல்லி வல்லபாய் படேல் மார்புநோய் நிலையத்தின் அனுராதா சௌத்ரி குழு, டெல்லியின் இரண்டு மருத்துவமனைகளில் 2009-க்கும் 2011-க்கும் இடையே 12 நோயாளிகளிடம் அதைக் கண்டதை 2013-ல் எழுதியது. எல்லாமே ஃப்ளூக்கோனசோலுக்கு அடங்காதவை, எல்லாமே ஒரே அச்சில் வார்த்தவை. அந்த நாளில் ஆய்வகக் கருவிகள் இதைக் கேண்டிடா ஹேமுலோனி என்று தப்பாகப் படித்துக்கொண்டிருந்தன. அதனால் இன்னும் எத்தனை பேரிடம் இருந்து கண்ணில் படாமல் போனதோ. கோவிட் வந்தபோது, 2020 ஏப்ரலிலிருந்து ஜூலைவரை, டெல்லியில் ஒரு கோவிட் ஐசியூவில் சேர்ந்த 596 பேரில் 15 பேரின் ரத்தத்தில் கேண்டிடா இருந்தது, அதில் 10 ஆரிஸ்.

இந்த ஆரிஸ் வழக்கமாக நூலிழை விடுவதில்லை. முன்னே அவ்வளவு நேரம் பேசிய திறமை இதற்குத் தேவைப்படவில்லை. தோலிலும் கட்டில் கம்பியிலும் ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் கிடக்கிறது, உப்பைத் தாங்குகிறது, சூட்டைத் தாங்குகிறது. 2021-ல் அந்தமானின் உப்புச் சதுப்பிலும் மணற்கரையிலும் அதைக் கண்டெடுத்தார்கள். மனித நடமாட்டம் இல்லாத சதுப்பில் கிடைத்த ஒன்று மருந்துக்கு அடங்கியது, அதிகச் சூட்டில் மெதுவாகத்தான் வளர்ந்தது. பெரும்பாலான பூஞ்சைகளை நம் உடம்பின் 37 டிகிரியே தடுத்துவிடுகிறது. பூமி சூடேறுவதில் இந்த வேலியைத் தாண்டப் பழகியதாக இருக்கலாம் என்பது அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ஆர்துரோ காசடேவால் முன்வைத்த கருத்து. கவர்ச்சியான கருத்துதான். எனக்கு முழுச் சம்மதம் இன்னும் வரவில்லை.

அதன் மருந்து எதிர்ப்பு முழுக்க ஜீன் விவகாரம். ஃப்ளூக்கோனசோல் தாக்குவது எர்க்11 என்ற ஜீன் உண்டாக்கும் நொதியை. பூஞ்சையின் செல்சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டெராலைச் செய்வதில் அதற்குப் பங்கு. டெல்லி ஆரிஸ்களில் அந்த நொதியின் 132-ஆவது அல்லது 143-ஆவது அமினோ அமிலம் மாறியிருக்கும். அவ்வளவுதான், மருந்து பிடி தவறி வழுக்கிவிடும். சிடிஆர்1 போன்ற ஜீன்கள் வேறு, மழை வெள்ளம் புகுந்த வீட்டில் மோட்டார் போட்டு இறைக்கிற மாதிரி, உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடும். அல்பிகன்ஸிடமும் இந்தத் தந்திரம் உண்டு. அதன் 5-ஆவது குரோமோசோமின் இடது கையில் எர்க்11-ம், இறைக்கும் மோட்டார்களை முடுக்கும் டாக்1-ம் சேர்ந்தே இருக்கின்றன. மருந்து நெருக்கும்போது அந்த இடது கையை மட்டும் கூடுதலாகப் பிரதி எடுத்து வைத்துக்கொள்கிற வகைகளை நோயாளிகளிடம் கண்டிருக்கிறார்கள். ரத்தத்தில் பரவிய கேண்டிடாவுக்கு முதலில் கொடுக்கும் எக்கினோகாண்டின் மருந்து பூஞ்சையின் சுவர் கட்டும் எஃப்கேஎஸ்1 புரதத்தை அடிக்கிறது. அதிலும் ஓர் எழுத்து மாறினால் அந்த வழியும் அடைபடும். உலக சுகாதார நிறுவனம் 2022 அக்டோபரில் வெளியிட்ட பூஞ்சைப் பட்டியலில் மிக ஆபத்தான நான்கில் ஆரிஸும் அல்பிகன்ஸும் இரண்டுமே இருப்பது இதையெல்லாம் பார்த்துத்தான்.

ஆனால் இவ்வளவு கெட்டிக்கார ஆரிஸ்கூட வீட்டில் நடமாடும் ஆரோக்கியமான பெண்ணைத் தேடி வருவதில்லை. ரத்தக் குழாயில் டியூப், வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு, இவை திறந்துவிட்ட கதவு வழியாகத்தான் நுழைகிறது. அக்காவின் ஈஸ்ட் ஒற்றை ஃப்ளூக்கோனசோலுக்கு அடங்குகிறது என்பதே அது ஆரிஸ் இல்லை என்பதற்குப் போதுமான குறிப்பு.

அக்கா செய்ய வேண்டியது அதிகம் இல்லை. அடுத்த முறை அரிப்பு வரும்போது மாத்திரை போடாமல், மகப்பேறு டாக்டரிடம் போய் பஞ்சுக்குச்சியால் ஸ்வாப் எடுத்துக் கல்ச்சருக்கு, அதாவது ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க, அனுப்பச் சொல்லட்டும். தங்களுக்கு ஈஸ்ட்தான் என்று நினைத்துக் கடையில் மருந்து வாங்கிய அமெரிக்கப் பெண்களை ஓர் ஆய்வில் சோதித்தபோது மூன்றில் ஒருவருக்குத்தான் ஈஸ்ட் மட்டும் இருந்தது. அக்காவுக்கும் சில தடவை வேறு ஏதாவதாக இருந்திருக்கலாம். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் அக்கா மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி காட்டும் எச்பிஏ1சி-யும் ஒரு தடவை பார்த்துவிடட்டும். அல்பிகன்ஸ் என்று வந்தால் ஆறு மாத வாராந்திர மருந்தை டாக்டரோடு பேசலாம். கர்ப்பத்துக்கு முயல்கிறார் என்றால் முன்னாலேயே சொல்ல வேண்டும், அப்போது வாய்வழி ஃப்ளூக்கோனசோல் ஆகாது. கேண்டிடாவின் இன்னோர் இனமான கிளப்ராட்டா என்று வந்தால் கதை வேறு: அதற்கு நூலிழையும் இல்லை, ஃப்ளூக்கோனசோலை லட்சியம் பண்ணுவதும் இல்லை, மருந்தே மாறும். ஆகவே ரிப்போர்ட்டில் 'கேண்டிடா ஸ்பீசீஸ்' என்று மொட்டையாக எழுதிக் கொடுத்தால் வாங்கி வராதீர்கள். எந்த இனம் என்று பெயர் போட்டுத் தரச் சொல்லித் திருப்பிக் கொடுங்கள்.